கேட்டால்தான் அவுட்

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் திடலில் டொரத்தி ஸ்கோர் எழுத உட்கார்ந்த இரண்டாவது ஆட்டம் அது. அவள் ஸ்கோரர் ஆனது பெரிய சாதனைக் கதை ஒன்றுமில்லை. கணவர் அங்கே ஒரு குழுவில் ஆடினார். அதற்கு முந்தைய வாரம் ஸ்கோர் நோட்டை அவள் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சிக்க லா, பேட் பண்ணிட்டு வந்துடுறேன்" என்றார். மூன்றாவது பந்தில் அவுட்டாகித் திரும்பியும் வந்துவிட்டார். நோட்டை வாங்கிக்கொள்ள மட்டும் அவர் வரவேயில்லை.

கிரிக்கெட்டில் அம்பயர் சைகை காட்டினால், எழுதியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஸ்கோரர் கையைத் தூக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அம்பயர் அடுத்த பந்தைப் போட விடுவார். அன்றைக்குக் கடைசி ஓவரில் அம்பயர் இரண்டு கையையும் விரித்து வைட் காட்டினார். டொரத்தியும் கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பென்சில் முனை ஒடிந்திருந்ததைப் பார்த்தாள். அதைச் சீவப் போனவள் அந்த ஒரு ரன்னை எழுத மறந்தாள். ஆட்டம் முடிந்தது. நோட்டின்படி ஒரு குழு ஒரு ரன்னில் தோற்றிருந்தது. அவர்கள் வாய் எண்ணிக்கைப்படி ஆட்டம் சமம்.

இருபத்திரண்டு பேரும் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். எல்லாரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஒரு ரன் குறைந்தால் குடும்பம் ஞாபகம் வராது, அவ்வளவுதான். அம்பயர் மெதுவாக நடந்து வந்தார். நோட்டைப் பார்த்தார். நோட்டின் மேல் கிடந்த பென்சில் சீவலையும் பார்த்தார்.

"தப்பு என்னுதுப்பா. வைட் காட்டினேன். இவங்க கையத் தூக்குறதுக்கு முன்னாடியே அடுத்த பந்தப் போட விட்டுட்டேன். அப்புறம் அவங்க எப்படி எழுதுவாங்க?" என்றார்.

இரண்டு குழுவும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், அன்றைக்கு அவரைத் திட்டியதுதான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்பவர் மாதிரி நின்றார். டொரத்தி கையைத் தூக்கியது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா இல்லையா என்பது சாமியாருக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.

அவர் பெயர் கேப்ரியல். பிறந்தது ரெங்கத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில். வேலை பெக்கான் நானாஸில், அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில். பழத்தை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, தேறுமா தேறாதா என்று பிரித்துப் போடுவார். நாள் முழுக்க அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கும் என்பதால் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய் வந்துவிடுவார். மறுநாள் விடிந்ததும் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு ரெங்கத்துக்கு வருவார்.

இளம் வயதில் அவரும் ஆடியவர்தான். ஆனால் பந்து மட்டையில் லேசாக உரசினால்கூட, அம்பயர் முகத்தைப் பார்க்காமல் தானாகவே வெளியே நடந்துவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. இவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எந்தக் குழு உருப்படும்? கடைசியில் கேப்டன் ஒருநாள் தோளில் கை போட்டு, "கேப்ரியல், உனக்கு நேர்மை ஜாஸ்தி. நீ அம்பயரா நில்லு. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நிம்மதி" என்றாராம். நேர்மையான மனிதனைக் குழுவை விட்டுத் துரத்துவதற்கு இதைவிட மரியாதையான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அம்பயராக அவரிடம் ஒரே ஒரு குறை. விரலைத் தூக்க நேரமாகும். "அவுட் கேட்டுட்டு, ஒட்டுக்கடைல ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்தாலும் அண்ணன் யோசிச்சிக்கிட்டுத்தான் இருப்பாரு" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் தூக்கிய விரல் தப்பாக இருந்ததில்லை. பழத்தைச் சுண்டிப் பழகிய காது. பந்து மட்டையில் பட்டதா காலில் பட்டதா என்பதில் அந்தக் காதை ஏமாற்ற முடியாது.

அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. நாட்டு அளவிலான அம்பயர் பட்டியலில் பெயர் வர வேண்டும். ஒரே ஒரு தடவையாவது, இரண்டு நாட்டுக் கொடிக்கு நடுவில் நிற்க வேண்டும். அதற்காக ஆங்கில விதிப் புத்தகத்தை நான்கு வருஷம் அகராதியோடு உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதித் தேறினார். பட்டியலில் சேர வட்டாரச் சங்கத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஐம்பது வயதுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். கேப்ரியலுக்கு, அந்த வைட் ஆட்டத்துக்குச் சில வருஷம் கழித்து, ஒரு நவம்பரில் ஐம்பது நிறைய இருந்தது.

தலைவர் பெயர் ராஜசேகரன். ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுத்தார். இவருக்கு மைக் கொடுத்தார். டத்தோ பட்டம் இன்னும் வரவில்லை, அதற்கேற்ற கார் மட்டும் வந்துவிட்டது. கேப்ரியல் கடிதம் கேட்டு ஆறு வருஷம். "இந்த வருஷம் கண்டிப்பா" என்று ஆறு வருஷமும் தலைவர் வாக்குத் தவறாமல் சொல்லிவந்தார்.

அதே வருஷம் செப்டம்பரில்தான் வெளிநாட்டுத் தேசிய அணி ஒன்று ரெங்கத்துக்கு வந்தது. எந்த நாடு என்று சொன்னால் அவர்கள் மனம் நோகலாம், அதனால் வேண்டாம். வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் நாடு. புல்லை அவர்கள் பார்ப்பதே நாலைந்து மாதந்தான். பள்ளிக்கூட உள்ளரங்கில், பலகைத் தரையில் கிரிக்கெட் கற்றவர்கள். கேப்டன் ஒரு பல் டாக்டர். பந்து போடுகிறவர்களில் ஒருவர் ரொட்டி சுடுகிறவர், ஒருவர் தீயணைப்புக்காரர். தேசிய அணி என்று பதினான்கு ஆட்டம் ஆடி, பதினான்கிலும் தோற்றிருந்தார்கள். தலைநகரில் நடக்கும் போட்டிக்குப் போகும் முன், வெயில் பழக ஜொகூரில் ஒரு நட்பு ஆட்டம் கேட்டிருந்தார்கள்.

தலைவருக்கு இது போதாதா? திடலைச் சுற்றிப் பதாகை. பதாகையில் தலைவர் முகம் ஒரு லாரிச் சக்கரம் அளவு. மூலையில் விருந்தாளி நாட்டின் கொடி என்று ஒன்று, அதுவும் அவர்களுடைய பக்கத்து நாட்டுக் கொடி. வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் கொடிக்கு முன்னாலேயே வரிசையாக நின்று, சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"பாவம் லா. கொடி தப்புன்னு வாயத் தொறந்து சொல்லலாம்ல?" என்றாள் டொரத்தி.

"விருந்துக்கு வந்த வீட்டுல குறை சொல்லக் கூடாதுன்னு வளத்திருப்பாங்கம்மா" என்றார் கேப்ரியல். அன்றைக்கு அவர் புதுக் கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தார். டொரத்தி தைத்துக் கொடுத்தது. கடிதம் வந்தால் அதற்குத் தயாராக இருக்கட்டும் என்று ஒரு மாதம் முன்னதாகவே அளவு கொடுத்திருந்தார்.

எதிர்த்து ஆட ஜொகூரில் நல்ல பையன்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. ஒரு நாட்டு அணியோடு படம் எடுக்கும் வாய்ப்பைப் பையன்களுக்குக் கொடுத்து வீணாக்குவதா? சோபா கடை கமலநாதன், தலைவரின் மருமகன், ஜவுளிக் கடைக்காரர், இரண்டு காப்புறுதி முகவர்கள் என்று குழு சேர்ந்தது. கேப்டன், முதல் பேட்ஸ்மேன் இரண்டுமே தலைவர். வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு அம்பயராக நின்றவர் தலைவரின் அக்காள் மகன் யுகேந்திரன். அவர் அதுவரை அம்பயராக நின்ற ஆட்டங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், கட்டை விரலும் மிச்சமிருக்கும்.

விருந்தாளிகள் முதலில் ஆடி எழுபத்தொரு ரன்னில் சுருண்டார்கள். தலைவர் மைக்கில், "சாப்பாடு ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவோம்" என்று அறிவித்தார்.

சாப்பாடு ஆறிவிட்டது. ரொட்டி சுடுகிறவர் ஒழுங்காகப் பந்து போட்டார். காப்புறுதி முகவர்கள் இருவரும் தங்களுக்கே காப்புறுதி இல்லாதவர்கள் போல வந்த வேகத்தில் போனார்கள். நான்காவது ஓவரில் ஒரு பந்து தலைவரின் காலில், குச்சிக்கு நேர் முன்னால், பொத்தென்று பட்டது. மரத்தடியில் பீகூன் சேமியா விற்ற அம்மாளுக்கே அது அவுட் என்று தெரிந்தது. தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேப்ரியலைப் பார்த்தார்.

கேப்ரியல் அசையவில்லை. காரணம், யாரும் கேட்கவில்லை.

கிரிக்கெட்டில் இது ஒரு விசித்திரமான சட்டம். பந்து போடுகிற பக்கம் யாராவது அம்பயரிடம் அவுட்டா என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் அவர் விரலைத் தூக்க முடியும். கேட்காவிட்டால், கண்ணால் பார்த்தாலும் காதால் கேட்டாலும், மரம் மாதிரி நிற்க வேண்டியதுதான். மற்ற ஊர்களில் பதினொரு பேரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர்களோ அமைதியாகக் கேப்ரியலைப் பார்த்தார்கள், அவராகவே சொல்லுவார் என்று. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் பாடமாகவே, அம்பயரிடம் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது பாடத்துக்கு நேரமில்லை போலிருக்கிறது. இதுவரை ஆடிய இடங்களில் அவுட்டானவர்கள் தாங்களாகவே போய்விட்டதால் அது தேவைப்படவும் இல்லை.

பன்னிரண்டாவது ஓவரில் இன்னொன்று. மட்டையின் ஓரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம், பந்து நேராக விக்கெட் கீப்பர் கையில். கீப்பர் பந்தைத் தூக்கிக் காட்டிவிட்டு, கேப்ரியலைப் பார்த்துத் தலையை லேசாகக் குனிந்தார். கேப்ரியலும் பார்த்தார். தலைவர் தம் காலுறையைச் சரிசெய்தார். அவ்வளவுதான். டொரத்தி நோட்டில், ரன் இல்லை என்பதற்கு ஒரு புள்ளி வைத்தாள். பென்சில் நோட்டைக் குத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்கே போனது.

தலைவருக்கு மூச்சு வாங்கியதால் தண்ணீர் இடைவேளை விட்டார்கள். கேப்ரியல் ஸ்கோர் சரிபார்க்க மேசைக்கு வந்தார்.

"அண்ணே, ரெண்டு தடவ அவுட்டு" என்றாள் டொரத்தி, குரலைத் தணித்து.

"தெரியும்மா."

"அந்தப் பல் டாக்டர்கிட்ட நான் போயி ஒரு வார்த்த சொல்லிடவா? வாயத் தொறந்து கேளுங்கன்னு?"

"சொன்னா நீ பன்னண்டாவது ஆளா அவங்க பக்கம் ஆடுறேன்னு அர்த்தம். நோட்டு யாரு எழுதுறது?"

"அதுக்கு? இப்படியே விட்டுடறதா?"

"அவரு தானா போயிருக்கணும். போகல. இவங்க கேட்டிருக்கணும். கேக்கல. நான் என்னம்மா பண்ண? நடுவுல நிக்கிறவன்."

அதற்குள் தலைவர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தாலும் சந்தோஷம் குறையவில்லை.

"மிஸ்டர் கேப்ரியல்! பிரமாதம். இந்த மாதிரி பக்குவமான அம்பயருதான் நாட்டுக்கு வேணும். உங்க லெட்டர டைப் பண்ணி கார்ல வச்சிருக்கேன். கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. சாயங்காலம் விருந்துல, மேடையிலயே போட்டுத் தந்துடுறேன். சரியா?"

"நன்றிங்க தலைவரே" என்றார் கேப்ரியல். அவர் கை, அவர் அறியாமல், புதுக் கால்சட்டையின் மடிப்பை நீவிவிட்டது. டொரத்தி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். அவளும் மனசுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாள். ஆனால் எதற்காகச் சொல்கிறாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அந்த ஊமைகள் வாயைத் திறக்க வேண்டும் என்றா, கடைசிவரை திறக்காமல் இருக்க வேண்டும் என்றா?

கடைசி ஓவர். அறுபத்தாறு ரன், ஒன்பது விக்கெட் போயாகிவிட்டது. ஜெயிக்க இன்னும் ஆறு ரன். மட்டை பிடித்திருப்பவர் தலைவர். எதிர் முனையில் சோபா கடை கமலநாதன், ஓடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நின்றார். பந்து போடுகிறவர் தீயணைப்புக்காரர். அம்பயர் கேப்ரியல்.

முதல் பந்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இரண்டு ரன். அந்த இரண்டையும் ஓடி முடிக்கத் தலைவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு திருமணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். இன்னும் நான்கு ரன். மூன்றாவது பந்துக்குத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினார். மறுபடியும் மட்டையின் ஓரத்தில் அதே 'டக்'. மறுபடியும் கீப்பர் கையில்.

தலைவர் மறுபடியும் காலுறையைச் சரிசெய்தார்.

கீப்பர் கேப்டனிடம் ஓடிப்போய் என்னவோ சொன்னார். பல் டாக்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கேப்ரியலை நோக்கி நடந்து வந்தார். அங்கே பேசிக்கொண்டதைப் பக்கத்திலேயே நின்ற கமலநாதன் பிறகு ஒரு மாதம் சோபா வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அது வார்த்தைக்கு வார்த்தை ஊருக்கே தெரியும்.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஒரு சந்தேகம். இவர் அவுட்டா?" என்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பல் டாக்டர் கேட்டார்.

கேப்ரியல் யோசித்தார். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டார். மேசையிலிருந்து பார்த்த டொரத்திக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகுக்கு அப்பால், சாயங்காலம் கையெழுத்தாகப் போகும் ஒரு கடிதம், கூடாரத்துக்குப் பின்னால் நின்ற பெரிய காரில் இருந்தது. பிறகு அவர் வலது கை மெதுவாக மேலே போனது. ஒரு விரல்.

"அலமாக்!" என்றார் கமலநாதன்.

தலைவர் போட்ட சத்தம் மைக் இல்லாமலே ஸ்கோர் மேசைவரை கேட்டது. "யோவ் கேப்ரியல்! என்னய்யா இது? அவன் அப்பீலே பண்ணலயே! சும்மா வந்து சந்தேகந்தான கேட்டான்!"

"அப்பீல்னா சந்தேகம் கேக்குறதுதாங்க தலைவரே. சத்தமா கேக்கணும்னு புத்தகத்துல இல்ல. அடுத்த பந்து போடுறதுக்குள்ள கேட்டுட்டாங்க. போதும்."

"டேய் யுகேந்திரா! நீ சொல்லுடா!"

யுகேந்திரனுக்கு அந்த நேரம் பார்த்துக் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

கேப்ரியல் டொரத்தியின் பக்கம் திரும்பினார். விரல் இன்னும் மேலேயே இருந்தது. அவள் கையைத் தூக்கும்வரை அவர் அதை இறக்க மாட்டார். டொரத்தி தூக்கினாள். இந்தத் தடவை எழுதிவிட்டுத்தான் தூக்கினாள்.

அறுபத்தெட்டில் எல்லாரும் அவுட். அந்த நாட்டுத் தேசிய அணி முதல்முறையாக ஓர் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டது, மூன்று ரன்னில். ஜெயித்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பழக்கமில்லையே. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு வரிசையாக வந்து எல்லாரிடமும், பீகூன் அம்மாளிடமும்கூட, கை குலுக்கினார்கள். ரொட்டி சுடுகிறவர் புல்லில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். பல் டாக்டர் மேசைக்கு வந்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று டொரத்தியிடம் கேட்டார். கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார், நல்ல மனுஷன்.

விருந்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "நட்புக்காக நாங்க வெற்றிய விட்டுக்கொடுத்தோம். அதுதான் ஜொகூர் பண்பாடு!" என்றார். பலத்த கைதட்டல். கடிதம் காரை விட்டு இறங்கவில்லை. கேப்ரியல் மீ கோரேங்கைத் தட்டில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது புதுக் கால்சட்டையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். டொரத்தி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அடுத்த மாதம் ஒரு சிபாரிசுக் கடிதம் போனது. பெயர் யுகேந்திரன். நவம்பரில் கேப்ரியலுக்கு ஐம்பது முடிந்தது. அவரைச் சங்கம் நீக்கவில்லை. அப்படியெல்லாம் அநியாயம் செய்கிறவர்களா அவர்கள்? கூப்பிட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறந்தார்கள். மறக்காமல் மறந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு பெப்ரவரியில், தொழிற்சாலையில் பழத்துக்கு முன்னால் நின்றிருந்த கேப்ரியல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவேயில்லை. மனைவி செலின் தகவல் சொன்னபோது டொரத்தி ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்திருந்தது. அதில் தலைவர் பெயர், கேப்ரியல் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. இப்போது அந்தப் பெயருக்கு முன்னால் டத்தோவும் சேர்ந்திருந்தது. பனி நாட்டிலிருந்து பல் டாக்டர், செலின் பெயருக்கு ஒரு பக்கம் கைப்பட எழுதி அனுப்பியிருந்தார்.

டொரத்தி கேப்ரியலைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் வாரத்தில். ஆட்டம் பார்க்க ரெங்கத்துக்கு வந்திருந்தார். ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், நடுவில் நின்ற யுகேந்திரன் செய்த இரண்டு தப்பைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும் நேரத்தில்தான் டொரத்தி, மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு வெரலத் தூக்குனதுக்கு உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

அவர் தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டினார். வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"இருக்கும்மா, ஏன் இல்லாம? நாலாவது ஓவர்லயே அவரு அவுட்டு. அப்பவே கேட்டிருந்தாங்கன்னா, நீயும் நானும் அவ்வளவு நேரம் வெயில்ல காஞ்சிருக்க வேண்டாம்" என்றார்.